அறுத்த குழாயின் முனை

புதிதாக நகராட்சிப் பணிக்கு வந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள். இனி கல்யாண வீட்டுப் பந்தியில்கூட உங்களை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே கேட்பார்: "சொத்து வரின்னு வாங்கறீங்களே, அத வெச்சு எங்க தெருவுக்கு என்ன சார் பண்ணீங்க?" நீங்கள் தெருவிளக்கு, குப்பை வண்டி, கால்வாய் என்று அடுக்குவீர்கள். விளக்கு எரியவில்லை, வண்டி வரவில்லை, கால்வாய் நாறுகிறது என்று அவர் திருப்பி அடுக்குவார். ரசம் வருவதற்குள் உங்கள் மானம் கப்பலேறியிருக்கும்.

நான் ஓய்வு பெறும்வரை சானிட்டரி இன்ஸ்பெக்டராக இருந்தவன். இந்தக் கேள்விக்கு எனக்கும் ரொம்ப நாள் பதில் தெரியாது. தெரிந்துகொண்டது ஒரு கோடைப் பகலில். சந்தோஷமாகத் தெரிந்துகொள்ளவில்லை. உங்களில் யாருக்கும் அப்படி ஒரு பகல் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள். தாம்பரத்தைச் சுற்றி அப்போது சின்னச் சின்ன நகராட்சிகள் பல இருந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். ஏரிப் பக்கம் ஒரு நீளமான தெரு. ஒரு கோடியில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ரயிலில் அலுவலகம் போகிறவர்கள். மறுகோடியில் மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறுகிற பையன்கள், ஒரு தையல் கடை, ஒரு இட்லிக் கடை. ஒருநாள் விட்டு ஒருநாள் மாலை நான்கு மணிக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் திறப்போம். வந்த தண்ணீரைத் தரைக்கடியில் கட்டிய சம்ப்பிலும் குடத்திலும் பிடித்து வைத்து அடுத்த முறைவரை ஓட்டுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச் மாதம் வந்தால் நகராட்சியில் எல்லாருமே பில் கலெக்டர்தான். வசூல், வசூல் என்று மேலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். வரி கட்டாத வீட்டு வாசலில் தமுக்கடிப்பார்கள், குப்பைத் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் குடிநீர்க் குழாயைத் துண்டிப்பார்கள். முறைப்படி துண்டிப்பதென்றால் சாலையைத் தோண்டி, பெரிய குழாயில் போய் அடைக்க வேண்டும். ஆனால் குழாயை அறுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் ஓடிவந்து கட்டிவிடுவார்கள். அப்புறம் மறுபடி தோண்டி இணைக்க வேண்டும். இரட்டை வேலை. அதனால் எங்கள் ஆட்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். வீட்டு வாசலிலேயே குழாயை அறுத்து, ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றி, முனையில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. மேலே மண். எல்லா வார்டிலும் இதுதான் வழக்கம். யாருக்கும் இதில் தவறு தெரியவில்லை.

அந்த ஏப்ரலில் ஒரு காலை, நான் அலுவலகத்தில் காலடி வைத்ததும் தகவல் வந்தது. அந்தத் தெருவில் விடிந்ததிலிருந்து வாந்தி, பேதி. ஆட்டோ ஆட்டோவாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் அங்கே ஓடினார். நான் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களை ஒரு பையில் அள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனேன்.

முதல் வீடு ரோஸ்லின் டீச்சருடையது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அரையாண்டு பிறந்த முதல் வாரமே வரியைக் கட்டிவிட்டுப் போகிறவர் என்பதால் நகராட்சியில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வீடு பூட்டியிருந்தது. அவருடைய கணவரை விடிகாலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், டிரிப் ஏறுகிறது, நாடி சரியாக இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அடுத்தடுத்த வீடுகளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தேன். தெருவில் நடந்திருந்த ஒரு கிரகப்பிரவேச விருந்தைக் கைகாட்டினார்கள். ஆனால் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் அந்த விருந்துக்கே போகவில்லை.

தெருவின் மறுகோடியில் சத்தம் கேட்டது. இட்லிக் கடை சரோஜாவின் வீட்டு வாசலில் கூட்டம். முன்னால் நின்றவன் முரளி. கார் தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவனுடைய அம்மாவும் ஆஸ்பத்திரியில்.

"சார், நல்லா கேளுங்க. தெரு முழுக்கப் படுத்துக் கெடக்குது. இந்த ஒரு வீட்ல மட்டும் ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. எப்படி சார்?"

"மார்ச்ல கொழாய அறுத்தப்போ நடுத்தெருல நின்னு மண்ண வாரித் தூத்துனா சார் இவ. எல்லாரும் நாசமாப் போவீங்கன்னா. எங்க கண்ணால பாத்தோம்," என்றாள் ஒரு பெண்.

"அவ இட்லிலதான் எதையோ கலந்துட்டா."

ஒருவன் கதவை உதைத்தான். நான் குறுக்கே போய் நின்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். "சுகாதாரத் துறை சோதனை. யாரும் உள்ளே வரக்கூடாது," என்று பெரிய அதிகாரி மாதிரி கத்திவிட்டு உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன்.

சரோஜா அடுப்பங்கரை மூலையில் இரண்டு பெண் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார், நீயும் என்னியப் புடிக்கத்தான் வந்துகிறியா? மண்ணு தூத்துனேன், இல்லேங்கல. கொழாய அறுக்கறப்போ தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு. வயிறு எரிஞ்சுது, தூத்துனேன். அதுக்காவ கொழந்தைங்க வாயில வெசத்தையா வெப்பேன்?"

"அதில்லம்மா. நீங்க என்ன தண்ணி குடிக்கறீங்க?"

"கொழாதான் இல்லியே சார். வூட்டுக்காரரு செத்தப்புறம் அவரு தம்பிங்க வூட்டு மேல கேஸ் போட்டுகிறாங்க. அவுங்களும் வரி கட்ட மாட்டாங்க, என்னியும் கட்ட வுடமாட்டாங்க. எங்க அக்கா வூடு ஏரிக்கு அந்தாண்ட. அங்க கெணத்துலேந்து சுமந்துகினு வரேன். இட்லிக்கும் அதே தண்ணிதான்."

தெருவில் குழாய் இல்லாத ஒரே வீடு இது. நோய் இல்லாத ஒரே வீடும் இதுதான். வெளியே நிற்கிற கூட்டத்துக்கும் அதே கணக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்கள் அதை அவள் தலையில் எழுதியிருந்தார்கள்.

அவளிடம் மண்வெட்டி வாங்கிக்கொண்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். குழாயை அறுத்த இடம் எதுவென்று அவளே ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். கால்வாயை ஒட்டிய இடம். இரண்டு கொத்து கொத்தியதும் முனை தெரிந்தது. மரக்கட்டை பாதி கழன்று சாய்ந்திருந்தது. முழுதாகக் கழன்றிருந்தால் தண்ணீர் விடுகிற நேரத்தில் பீய்ச்சியடித்திருக்கும், யாராவது பார்த்திருப்பார்கள். பாதி கழன்றதால் கசிந்த தண்ணீர் சத்தமில்லாமல் கால்வாயில் கலந்திருக்கிறது. தண்ணீரை நிறுத்திய பிறகு நடப்பது வேறு. உள்ளே வெறுமையான குழாய், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே வெளியில் கிடப்பதை உறிஞ்சும். வெளியில் கிடந்தது வீடுகளின் கழிவு நீர். என் கண்ணெதிரே கறுப்பாக ஒரு கோடு அந்த முனைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. "என்ன சார் அது?" என்றான் முரளி. "பாத்துட்டுச் சொல்றேன்," என்று மண்ணை இழுத்து மூடினேன். பம்ப் ஆப்பரேட்டருக்குப் போன் செய்து, நான் சொல்லாமல் வால்வைத் தொடாதே என்றேன். அடுத்து கமிஷனருக்கு. எங்கள் கமிஷனர் ஒரு பெண்மணி. ஊருக்குப் புதிது, ஆனால் விஷயம் தெரிந்தவர். பில் கலெக்டர் பஷீர் பாயையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வந்து சேர்ந்தார். அந்த வார்டு பஷீர் பாயுடையது. தெருவின் இருபுறமும் ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு எப்போது கல்யாணம், யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று தெரிந்து, அதற்கேற்ப வரி கேட்டு வாங்குகிற மனிதர். சரோஜாவின் குழாயை அறுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

ஜீப்புக்குள் உட்கார்ந்தே பேசினோம். "தண்ணிய நிறுத்துங்க. அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. லாரிக்குச் சொல்லிட்டேன்," என்றார் கமிஷனர். "ஆனா காரணத்த இப்பச் சொல்ல வேணாம். லேப் ரிப்போர்ட் வரட்டும். வெளியில பாத்தீங்கல்ல? நாமதான்னு சொன்னா பஷீரை உயிரோட விடுவாங்களா? பராமரிப்பு வேலைன்னு அறிவிங்க. வீட்ல இருக்கற தண்ணியக் கொட்டச் சொல்லுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். தன் ஊழியரைக் காப்பாற்றப் பார்த்தார். ஆனாலும் சொன்னேன்: "மேடம், நாலு மணித் தண்ணிய நாம நிறுத்திடலாம். சம்ப்புக்குள்ள இருக்கறத அவங்கதான் நிறுத்தணும். ஏப்ரல் மாசம். காரணம் தெரியாம ஒரு சொட்டுக்கூட கொட்டமாட்டாங்க."

"முயற்சி பண்ணிப் பாருங்க," என்றார்.

மைக் கட்டிய ஆட்டோ தெருவில் போனது. பராமரிப்புப் பணி காரணமாக இன்று குடிநீர் வராது, சேமித்து வைத்துள்ள நீரைக் கொட்டிவிடவும் என்று சொல்லிக்கொண்டே போனது. தெரு எங்களைப் பார்த்துச் சிரித்தது. கோபமாக இருந்தாலாவது பரவாயில்லை. சிரித்தார்கள்.

"இன்னிக்கும் தண்ணி கிடையாது, இருக்கறதையும் கொட்டணுமா? மூளை கீளை இருக்குதா உங்களுக்கு?"

"லாரி வருது. கொட்டுங்கம்மா," என்று வீடு வீடாகக் கெஞ்சினேன். தலையாட்டினார்கள். ஒருவரும் கொட்டவில்லை. குடத்தைத் தட்டுப்போட்டு மூடி உள்ளே நகர்த்தி வைத்தார்கள். தையல் கடைக்காரப் பெண், இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தவள், குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டாள். வெயிலில் குழந்தை சிணுங்கியது. எங்களைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

பாய்ந்துபோய்த் தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டு சாலைக்கு ஓடியது. குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. முரளி என் தோளைப் பிடித்துத் திருப்பினான். "பச்சக் கொழந்தைக்குத் தண்ணி குடுத்தா தட்டிவிடுவியா? யாருய்யா நீ?"

சொன்னால் பஷீர் பாய் தொலைந்தார். சொல்லாவிட்டால் அடுத்த டம்ளரை எந்த வீட்டுக்குள் போய்த் தட்டிவிடுவேன்? கமிஷனரைப் பார்த்தேன். அவர் ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் பஷீர் பாய் அவரைத் தாண்டி நடந்து கூட்டத்துக்குள் வந்துவிட்டார்.

"அவர விடு முரளி. நான் சொல்றேன். அந்தத் தண்ணில சாக்கடை கலந்திருக்கு. சரோஜாம்மா வீட்டுக் கொழாய மார்ச்ல நாங்க அறுத்தோம். முனையச் சரியா அடைக்கல. அது வழியா உள்ள போயிருக்கு. அந்தம்மா ஒண்ணும் பண்ணல. நாங்கதான். கையெழுத்து என்னுது. என்னைய என்ன வேணா பண்ணுங்க, முதல்ல தண்ணியக் கொட்டுங்க."

முரளி என்னை விட்டுவிட்டு அவர் சட்டையைப் பிடித்தான். பித்தான்கள் தெறித்தன. பின்னாலிருந்து யாரோ அவர் கன்னத்தில் அறைந்தார்கள். பஷீர் பாய் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. கமிஷனர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நின்று, "அவர் சொல்றது உண்மை. நகராட்சி பண்ணின தப்பு. நான் கமிஷனர், என்கிட்டக் கேளுங்க," என்றார். அந்த அம்மாளின் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். அவர்மேல் எனக்கு மரியாதை வந்ததும் அன்றுதான்.

அந்தத் தள்ளுமுள்ளில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ரோஸ்லின் டீச்சர் இறங்கினார். கணவருக்கு மாற்றுத்துணி எடுக்க வந்தவர். என்ன நடந்தது என்று யாரோ சொன்னார்கள். அவர் கூட்டத்துக்கு நடுவே வந்து பஷீர் பாயின் கிழிந்த சட்டையைப் பார்த்தார்.

"பஷீர், நீங்க சொல்றது நிச்சயமா?"

"நிச்சயம் டீச்சர்."

"எங்க வீட்டு சம்ப்புல இருக்கறதும் அதே தண்ணிதானா?"

"அதேதான் டீச்சர்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் மோட்டாரைப் போட்டார். தோட்டக் குழாயை வாசலுக்கு இழுத்துவந்து கால்வாயில் விட்டார். அவர் வீட்டுச் சம்ப்புத்தான் அந்தத் தெருவிலேயே பெரியது. அது கடகடவென்று கால்வாயில் ஓடுவதைத் தெரு பார்த்துக்கொண்டு நின்றது. தையல் கடைக்காரப் பெண் குடத்தைக் கவிழ்த்தாள். அப்புறம் பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. முரளி பஷீர் பாயின் சட்டையை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினான். ஏப்ரல் வெயிலில் கால்வாய் நிரம்பி ஓடியது. லாரி வந்து சேர்ந்தபோது தெருவில் ஒரு குடத்தில்கூடத் தண்ணீர் இல்லை.

சரோஜா அன்று அதன்பிறகு கதவைத் திறக்கவே இல்லை. அவளிடம் போய் யாரும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நம் ஜனங்களுக்கு அடிக்க வரும், கேட்க வராது. நான் மட்டும் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் போய், "மன்னிச்சுக்கம்மா," என்றேன். "நீ இன்னா பண்ணே சார்," என்று ஜன்னல் வழியாகவே வாங்கி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், முரளியின் அம்மா உட்பட. ரோஸ்லின் டீச்சரின் கணவர் மட்டும் திரும்பவில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர், தாங்கவில்லை என்றார் எங்கள் டாக்டர். அந்தச் சாவுக்கு நாங்கள் எல்லாரும் போனோம். சர்ச்சில் கடைசி வரிசையில் நின்றோம். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். பஷீர் பாய் அடக்கவில்லை.

அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை நடந்தது. மரக்கட்டை வழக்கம் எல்லா வார்டிலும் இருந்தது என்று கமிஷனரே எழுதிக் கொடுத்தார். அறுத்த முனைகளையெல்லாம் தேடித் தோண்டி, பெரிய குழாயிலேயே அடைத்தோம். வரிக்காகக் குடிநீரைத் துண்டிக்கும் பழக்கத்தைக் கமிஷனர் அடியோடு நிறுத்தினார். மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வசூல் குறையும் என்றார்கள்.

இப்போது உங்களிடம் வருகிறேன். வரி கட்டியவன், கட்டாதவன் என்று தெருவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். கணக்கெழுதும்போது பிரித்துக்கொள்ளுங்கள், அது தேவைதான். மண்ணுக்குள் அப்படிப் பிரிவு கிடையாது. கட்டாத ஒருத்தியைத் தண்டிக்கப் போய், கட்டியவர்கள் அத்தனை பேருக்கும் சாக்கடையைக் குடிக்கக் கொடுத்தோம். அவசரத்தில் ஒரு வேலையை அரைகுறையாக விடத் தோன்றும்போது, அதன் மறுமுனையில் யார் வாய் இருக்கிறது என்று யோசியுங்கள். தவறு நடந்துவிட்டால் உடனே வாயைத் திறந்து சொல்லுங்கள். அடி விழும். விழட்டும்.

அக்டோபரில் அடுத்த அரையாண்டு பிறந்தது. பஷீர் பாய் மறுபடி வேலையில் சேர்ந்து வரி கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். வார்டுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. நான் பிறப்பு, இறப்புப் பதிவு வேலையாகப் பக்கத்துக் கவுண்டரில் நின்றிருந்தேன். முதல் வாரமே ரோஸ்லின் டீச்சர் வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பணத்தை உள்ளே நீட்டினார். பஷீர் பாய் தலையை நிமிர்த்தவில்லை. பணத்தைத் தொடவும் இல்லை.

"டீச்சர், உங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சிட்டு வாங்குவேன்? இந்த நகராட்சி உங்களுக்குப் பண்ணினதுக்கு, நீங்க கட்டலேன்னாலும் யாரும் கேட்கமாட்டாங்க."

"நான் கட்டலேன்னா அடுத்த தெருவுல முனைய யார் அடைப்பாங்க பஷீர்?" என்றார் டீச்சர். "ரசீதப் போடுங்க. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."